ஏஐ 'ஓட்டை' என்றதும் ரிப்போர்ட் அனுப்பலாமா?

2025 மே மாதம், இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான கர்ல் திட்டத்துக்கு, ஏஐ எழுதியது போலிருந்த ஒரு ரிப்போர்ட் வந்தது. ஹெச்டிடிபி/3 என்ற இணைய நெறிமுறையைக் கையாளும் பகுதியில் ஆபத்தான பாதுகாப்பு ஓட்டை என்றது. நிரல் ஓடுவதை நிறுத்தி ஆராயும் டீபக்கர் கருவியின் பதிவெல்லாம் கச்சிதமாக ஒட்டியிருந்தார்கள். ஆனால் கிராஷ் ஆனதாகச் சொன்ன ஃபங்ஷன், கர்ல் பயன்படுத்தும் லைப்ரரிகளில் எங்குமே இல்லை.

ஓட்டிப் பார்க்காமல் அனுப்புவதுதான் முதல் தவறு. ஃபங்ஷன் இருக்கிறதா என்று சொல் தேடும் கிரெப் கருவியைப் போட்டுத் தேட ஒரு நிமிடம் ஆகுமா? அப்புறம் மெமரி தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு பில்டு செய்து, உங்கள் மெஷினிலேயே கிராஷ் ஆகிறதா பாருங்கள். கிராஷ் ஆவது எது என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும். சோதனை நிரல் எழுதித் தா என்றால், சில சமயம் மாடல் அசல் ஃபங்ஷனைத் தனி ஃபைலில் காப்பி அடித்து, நீளத்தைச் சரிபார்க்கும் இஃப் வரியை மட்டும் விட்டுவிட்டு, அதை கிராஷ் ஆக்கிக் காட்டும். பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு கதவு திறக்கிறது என்று சொல்வது மாதிரி.

அடுத்தது, ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு முடிவுக்கு வருவது. லினக்ஸ் கெர்னலில் நெட்வொர்க் வழியே ஃபைல் பகிரும் கேஎஸ்எம்பிடி பகுதியில், தான் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த ஒரு ஓட்டையை வைத்து ஷான் ஹீலன் என்ற ஆய்வாளர் ஓபன்ஏஐயின் ஓ3 மாடலைச் சோதித்தார். 100 முறை ஓட்டியதில் 8 முறைதான் அது சிக்கியது. 66 முறை 'பிரச்சினை இல்லை' என்றது. மற்றதெல்லாம் பொய் எச்சரிக்கை. சுமார் 12,000 வரிகளை மொத்தமாகக் கொடுத்தபோது 8 என்பது 1 ஆனது. எனவே அந்த 'பிரச்சினை இல்லை'யை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரிய மூட்டையைக் கிளறும்போதுதான் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு புது ஓட்டை கிடைத்தது. நூறு பதில்களைப் படித்துச் சலிக்க அவருக்குப் பொறுமை இருந்தது.

திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெயினர் கேட்கும் கேள்வியை அப்படியே மாடலுக்குள் ஒட்டி, வருவதைத் திருப்பி அனுப்புவது இன்னொன்று. ஒரு சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இப்படிப்பட்ட குப்பை குவிந்ததில்தான், ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குப் பணம் தர 2019 முதல் நடத்திவந்த பரிசுத் திட்டத்தை கர்ல் 2026 ஜனவரியோடு மூடியது.

எல்லா பக்கையும் (நிரல் பிழையையும்) 'கிரிட்டிகல்', அதாவது மிக ஆபத்தானது என்று எழுதுவதையும் விடுங்கள். 2025 செப்டம்பரில் ஒருவர் ஏஐ கருவிகளால் கண்டுபிடித்த ஒரு நீண்ட பட்டியலை அதே கர்லுக்கு அனுப்பினார். பெரும்பாலும் சின்னச் சின்ன பக்குகள்தான். ஆனாலும் சுமார் 50 திருத்தங்கள் கர்ல் நிரலுக்குள் போயின.