பதிவேட்டில் தாத்தாவின் கைது

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா பஞ்சாலைப் போராட்டத்தில் பிரெஞ்சு ஆட்சி நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் கலவரத்தில் தாத்தாவும் கைதானார் என்பது வீட்டுப் பேச்சு. ஆனால் நீதிமன்றப் பதிவேட்டின் பெயர் அட்டவணையில் அவர் இல்லவே இல்லை.

முதலில் எழுத்துக்கூட்டலைச் சந்தேகித்தேன். தாத்தாவின் பெயர் குப்புசாமி. பிரெஞ்சு எழுத்தர்கள் அதை 'கே'யில் (K) எழுத மாட்டார்கள், 'சி'யில்தான் (C) எழுதுவார்கள். அங்கும் தேடினேன், கிடைக்கவில்லை. பழைய பத்திரிகைகளில் இறந்தவர்களைப் பற்றித்தான் பேச்சு, பிடிபட்டவர்களின் பெயர் இல்லை.

அப்புறம் பெயரை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்தேன். அதுவும் கைதான தேதி இல்லை, விசாரணைத் தேதி. பதிவேடு அந்த வரிசையில்தான் போகிறது. ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு பக்கமாகக் குற்றச்சாட்டை மட்டும் படித்தேன். கூட்டு வழக்கு ஒன்று வந்தது. அட்டவணையில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆளின் பெயர் மட்டுமே, மற்றவர்கள் 'மற்றும் பிறர்' என்பதற்குள் அடக்கம்! உள்ளே எல்லோருக்கும் தகப்பன் பெயர், வயது, தொழில், ஊர் இருந்தன. ஐந்தாவது ஆள் தாத்தா. ஒரே பெயரில் பலர் இருந்த காலம், ஆகவே தகப்பன் பெயரையும் ஊரையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒப்பிட்டேன். இரண்டும் பொருந்தின. அப்போதுதான் நிம்மதி. தீர்ப்பு அதே பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில் இருந்தது.