கழுத்துவரை கடனா? உட்கார்ந்து திட்டம் போடுவது எப்படி

சம்பளம் வந்த வேகத்தில் தவணைகளுக்குப் போய்விடுகிறது. மிச்ச நாட்களைக் கார்டு தேய்த்து ஓட்டுகிறோம். அந்தக் கார்டு பில்லைக் கட்ட இன்னொரு இடத்தில் கை நீட்டுகிறோம். இந்தச் சுழலில் இருப்பவர்களுக்கான பதிவு இது. எங்கள் வீட்டில் இதிலிருந்து வெளியே வந்த வழியைத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். சிக்கனமாக இருப்பது எப்படி என்பதெல்லாம் இதில் இல்லை. கடனில் இருப்பவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உதவி என்றதும் யாரிடம் பணம் புரட்டலாம் என்றுதான் மனம் ஓடும். ஆனால் இந்த நிலையில் புதுப் பணம் என்றால் பெரும்பாலும் புதுக் கடன்தான். பணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு: கூட உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஓர் ஆள், வட்டியில் குறைப்பு, தவணைக்குக் கொஞ்சம் அவகாசம்.

படி 1: எல்லாக் கடனும் ஒரே தாளில்

யாரிடம் வாங்கியது, இன்று நிற்கும் அசல், மாதத் தவணை, தவணைத் தேதி, வட்டி, அடமானம் ஏதாவது உண்டா. இவ்வளவுதான் கட்டங்கள். நிற்கும் அசலை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். கடன் கொடுத்த இடத்தில் நிலுவை அறிக்கை கேட்டு வாங்குங்கள். கூடவே உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டையும் (உங்கள் பெயரில் உள்ள கடன்களும் அவற்றைக் கட்டிய விதமும் பதிவாகும் அறிக்கை) எடுத்துப் பாருங்கள். மறந்துபோன பழைய கார்டு ஒன்று அதில் எட்டிப் பார்க்கலாம்.

சொந்தக்காரர்களிடம் வாங்கிய கைமாற்று, 'இப்போது வாங்கு, பிறகு கொடு' வகைப் பாக்கிகள், நீங்கள் வேறொருவருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து ஆகியவையும் இதே தாளில் வர வேண்டும். ஜாமீனை ஏன் சேர்க்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். வாங்கியவர் கட்டாமல் போனால் முழுப் பாக்கியையும் உங்களிடம் கேட்கக் கடன் கொடுத்தவருக்கு உரிமை இருக்கிறது, அதனால்தான்.

கடன் கணக்குக்கென்று வரும் ஆப்கள் எனக்குப் பிடிப்பதில்லை. உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் ஆப், அடுத்த வாரமே உங்களுக்குக் கடன் விற்க வந்து நிற்கும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். தினச் செலவுக்குக் கோடு போட்ட நோட்டு.

படி 2: உண்மையான வட்டி எவ்வளவு?

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டு நின்ற இடம் இது. கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

ஒருவர் 'மாதம் நூற்றுக்கு இரண்டு' என்பார். இன்னொருவர் 'வருடத்துக்கு 12 சதவீதம்' என்பார். மூன்றாமவர் தவணையை மட்டும் சொல்வார். இவற்றை அப்படியே ஒப்பிட முடியாது. அதிலும் 'ஃபிளாட்' வட்டி என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுவார்கள்.

1,00,000 கடன், 12 சதவீத ஃபிளாட், 3 வருடம் என்று வையுங்கள். வட்டி 36,000. மொத்தம் 1,36,000, அதை 36 தவணையாகப் பிரித்தால் மாதம் 3,778. இதையே குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் வருடத்துக்கு 21 சதவீதம் வரும். அதோடு நிற்கவில்லை. செயலாக்கக் கட்டணம், காப்பீடு என்று 5,000 பிடித்துக்கொண்டு 95,000-தான் கையில் கொடுத்தார்கள் என்றால் அது 25 சதவீதம். காகிதத்தில் என்னவோ 12 என்றுதான் இருக்கும்.

எக்செல்லில் இதற்கு 'ரேட்' என்ற ஃபார்முலா உண்டு. மூன்று விவரம் கேட்கும்: தவணைகளின் எண்ணிக்கை, தவணைத் தொகை, உங்கள் கைக்கு வந்த பணம். வரும் விடை மாத வட்டி. அதை 12-ஆல் பெருக்கினால் வருட வட்டி.

தவணைத் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். பணம் உள்ளே வருவது கூட்டல், வெளியே போவது கழித்தல் என்றுதான் அந்த ஃபார்முலாவுக்குத் தெரியும். குறி இல்லாவிட்டால் பிழைச் செய்திதான் வரும், காரணமும் சொல்லாது. மூன்றாவது இடத்தில் ஒப்பந்தத்தில் உள்ள தொகையைப் போடாமல், பிடித்தம் போகக் கைக்கு வந்ததைப் போடுங்கள்.

கிரெடிட் கார்டுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, 1,00,000 பாக்கிக்குக் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டி வந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தாலும் பாக்கி பாதியாகவே 32 மாதம் ஆகிறது. அதற்குள் கட்டிய தொகை ஏறக்குறைய 1,20,000. இன்னும் 50,000 நிற்கிறது!

படி 3: வீட்டில் சொல்லுங்கள்

சின்னப் படி, ஆனால் இதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. தாள் தயாரானதும் வீட்டில் சம்பாதிப்பவர், செலவு செய்பவர் எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும். ஒருவர் மறைத்து அடைக்கும் கடனுக்குப் பக்கத்திலேயே, விவரம் தெரியாத இன்னொருவர் புதுத் தவணையில் பொருள் வாங்கிக்கொண்டிருப்பார். யார் வாங்கினது, எதற்கு வாங்கினது என்ற விசாரணையை அன்றைக்கு வைக்காதீர்கள். எண்களை மட்டும் பேசுங்கள்.

தூக்கம் போய், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இந்தப் பதிவை மூடிவிட்டு உடனே நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள். தவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: தவணை தவறும் முன் கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள்

தவறிய பிறகு பேசினால் வசூல் பிரிவு எடுக்கும். தவறும் முன் பேசினால் கிளையில் இருப்பவர் கேட்பார். எங்கள் அனுபவத்தில் இரண்டும் இரண்டு உலகம். இப்படி ஆரம்பிக்கலாம்:

"வருமானம் குறைந்திருக்கிறது. கடனைக் கட்டத்தான் போகிறேன். மாதம் இவ்வளவுதான் முடியும். வட்டியைக் குறைக்கவோ காலத்தை நீட்டிக்கவோ என்ன வழி இருக்கிறது?"

இந்த 'இவ்வளவு' என்ற எண்ணோடு போவது முக்கியம். வாடகை, சாப்பாடு, மருந்து, படிப்பு, வேலைக்குப் போய்வரும் செலவு போக மிஞ்சுவதுதான் அது. வெட்கப்பட்டுக் கூட்டிச் சொன்னால் இரண்டாம் மாதமே உடைந்துவிடும். பேசிய தேதி, பேசியவர் பெயர், சொன்ன விஷயம் மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டதை எழுத்தில் கேளுங்கள்.

அவர்கள் தரும் சலுகைகளுக்கும் விலை உண்டு. தவணையைச் சில மாதம் தள்ளிவைத்தால் அந்த மாதங்களின் வட்டி பொதுவாக அசலில் ஏறும். 'செட்டில்மென்ட்' என்று ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தால், கிரெடிட் ரிப்போர்ட்டில் 'முடிந்தது' என்று வராமல் 'செட்டில் செய்யப்பட்டது' என்று பதிவாகலாம். பிறகு கடன் கேட்கப் போனால் அது உறுத்தும். வேறு வழியில்லை என்றால் செய்யுங்கள், ஆனால் கடிதம் கைக்கு வராமல் ஒரு காசு கட்டாதீர்கள்.

பல நாடுகளில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கடன் ஆலோசனை தரும் லாப நோக்கமற்ற மையங்கள் இருக்கின்றன. உங்கள் தாளோடு ஒருமுறை போய் உட்காருங்கள். முன்பணம் கேட்பவர், 'தவணைகளை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை எங்களிடம் கொடுங்கள்' என்பவர், இந்த இரண்டு வகையினரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 5: எதை முதலில் அடைப்பது?

எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சம் கட்டிவிட்டு, மிஞ்சுவதை ஒரே கடன் மீது மொத்தமாகப் போட வேண்டும். எந்தக் கடன் மீது என்பதில்தான் சண்டை. வட்டி அதிகமானதிலிருந்து தொடங்குங்கள் என்பது ஒரு கட்சி. தொகை சிறியதிலிருந்து என்பது இன்னொன்று. நான் முதல் கட்சி, கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஒரு விலக்கு: இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும் சில்லறைக் கடன் இருந்தால் அதை முடித்துத் தலைமுழுகுங்கள். அந்தத் தவணைப் பணம் அப்படியே அடுத்த கடனுக்குப் போகட்டும், செலவுக்குள் கரைய விடாதீர்கள்.

தவறினால் வீடோ, தொழிலுக்கான வண்டியோ போய்விடும் என்ற கடன் இருந்தால், வட்டி குறைவாக இருந்தாலும் அதன் தவணைதான் முதலில். கைமாற்றுக்கு வட்டி இல்லை, ஆனால் உறவு இருக்கிறது. சிறு தொகையானாலும் மாதாமாதம் ஒரே தேதியில் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றலாமா?

தவணை குறைகிறதே என்று பாய வேண்டாம். 1,00,000-க்கு 24 சதவீதத்தில் 2 வருடம் என்றால் தவணை சுமார் 5,290, மொத்த வட்டி 26,900. அதையே 15 சதவீதத்தில் 5 வருடமாக மாற்றினால் தவணை 2,380-தான். ஆனால் மொத்த வட்டி 42,700. வட்டி விகிதம் இறங்கியும் கட்டுவது ஏறிவிட்டது. மாற்றுவதானால், குறைந்த வட்டியில் மாற்றிவிட்டுக் கூடுதலாகக் கட்டி சீக்கிரம் முடியுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். காலியான கார்டை மூடிவிடுவது நல்லது. அது திரும்ப நிரம்பினால் இரண்டு கடன்.

பின்சேர்க்கை

கூடுதலாகக் கட்டிய பணம் கணக்கில் ஏறவே இல்லை என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். பார்த்தால், அதை அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வரவு வைத்திருக்கிறார்கள். அசலில் ஒன்றும் குறையவில்லை. கட்டும்போதே 'அசலில் கழிக்கவும், தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்' என்று எழுதிக் கொடுங்கள். ரசீதில் புது நிலுவை எவ்வளவு என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

கடன் முடிந்ததும் 'நிலுவை இல்லை' சான்றிதழையும் அடமானப் பத்திரங்களையும் அதே வாரத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சில வாரம் கழித்துக் கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடவில்லை என்றால் அந்தச் சான்றிதழ் நகலோடு ரிப்போர்ட் தரும் நிறுவனத்துக்கே திருத்தக் கோரிக்கை அனுப்பலாம்.