கொல்லைக் கோழிகளுக்குக் காவல்: எட்டுக் கோழிக்கு ஒரு பத்திரமான கூண்டு

கோழி ஒன்று குறைந்ததும் கடைக்கு ஓடி வலை வாங்காதீர்கள். எடுத்தது யார் என்று முதலில் பாருங்கள். பருந்துக்குப் போடும் வலை பெருச்சாளியை நிறுத்தாது. நாய்க்குப் போடும் வேலி மரநாய்க்கு ஏணி.

1. தடயம் பாருங்கள்

பட்டப்பகலில் தலையும் கழுத்தும் கடிபட்டுப் புதர் ஓரமாகக் கோழி கிடந்தால் அநேகமாகக் கீரி. ராத்திரி போன கோழிக்கும் கீரி மேலேயே பழி போடுவது வழக்கம். ஆனால் கீரி பகலில்தான் வேட்டையாடும். இருட்டில் கூரை வழியாக இறங்குவது பெரும்பாலும் மரநாய், இல்லையென்றால் பூனை. இறகு சிதறி, நாலைந்து கோழிகள் தின்னப்படாமலே செத்துக் கிடந்தால் நாய். பகலில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக மாயமானால் பருந்து, வல்லூறு அல்லது காகம். முட்டை ஓடுகூட மிஞ்சாமல் போனாலோ, செத்த குஞ்சின் தலைப்பக்கம் எச்சில் பட்டு ஈரமாய் ஒட்டியிருந்தாலோ பாம்பு. விழுங்கப் பார்த்து, முடியாமல் விட்டிருக்கும். கூண்டுத் தரையில் புதிதாக வளை தெரிந்தால் பெருச்சாளி.

2. பொருள்கள்

எட்டு நாட்டுக்கோழிகள் இரவு தங்க 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் போதும். 2 அடி உயரக் கால்கள் வையுங்கள். சட்டத்துக்கு 2 அங்குல மரம், தரைக்கும் சுவருக்கும் பலகை, கூரைக்குத் தகரம். அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்த வலை), 3 அடி அகல ரோலில் 6 அடி. ஒரு அங்குல ஸ்க்ரூவும் அகல வாஷரும் நூறு வீதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை குறைவு என்று அறுகோணக் கண் உள்ள கோழிவலையை வாங்கிவிடாதீர்கள். அது கோழி வெளியே போகாமல் இருக்க மட்டும்தான் உதவும். கம்பி மெலிசு, முறுக்கித்தான் கோத்திருப்பார்கள். நாய் நாலு தரம் இழுத்தால் கண் பிரிந்துவிடும். பெரிய கண் வழியாகப் பூனை கையை விட்டுக் கோழியின் காலை இழுக்கும்.

3. கூண்டு கட்டுதல்

குறுகிய இரண்டு பக்கங்களையும் முழுக்கப் பலகையால் அடையுங்கள். முன்னும் பின்னும் கீழ் ஒன்றரை அடிக்குப் பலகை, அதன் மேல் 14 அங்குலத்துக்குக் காற்றுத் திறப்பு. ரோலில் 4 அடி நீளம் வெட்டி, அதை நீளவாக்கில் இரண்டாக்கினால் 18 அங்குலப் பட்டை இரண்டு கிடைக்கும். திறப்புக்கு மேலும் கீழும் 2 அங்குலம் சட்டத்தின் மேல் படியும்படி, வெளிப்பக்கமாக வைத்து, 4 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ வாஷரோடு முடுக்குங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துக் கையோடு வந்துவிடும்.

பலரும் கோட்டை விடும் இடம் கூரை. நெளித்தகடு சட்டத்தில் உட்காரும்போது ஒவ்வொரு நெளிவுக்கடியிலும் ஒரு சந்து விழும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. உள்ளே தலையை விட்டு வெளிச்சம் வரும் இடங்களைப் பாருங்கள். பாம்புக்கு அது தாராளம். தகடு லேசாகத் தூக்கினால் மரநாய்க்கும் வழிதான். மிச்சமுள்ள மெஷ்ஷைப் பட்டையாக வெட்டி, நெளிவுக்குத் தக்கபடி வளைத்து அடித்துவிடுங்கள்.

கோழி உட்கார இரண்டு கட்டைகள், நீளவாக்கில், தரையிலிருந்து 9 அங்குல உயரத்தில். முன்வலையிலிருந்து ஒன்று, பின்வலையிலிருந்து ஒன்று, ஒரு அடி தள்ளியே இருக்க வேண்டும். வலையை ஒட்டித் தூங்கும் கோழியைப் பூனையோ மரநாயோ வெளியிலிருந்தே பிய்த்துவிடும். தரையில் 2 அங்குலம் உமி பரப்புங்கள்.

கதவு பக்கவாட்டில். மூடினால் எங்கும் அரை அங்குலத்துக்கு மேல் இடுக்கு இருக்கக் கூடாது. சுழலும் மரக்கட்டை ஒன்றை மட்டும் நம்பாமல், மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு கொக்கி போடுங்கள். மேலே மட்டும் தாழ் இருந்தால் நாய் கீழ் மூலையை மூக்கால் நெம்பும்.

எலி ஏறாமலிருக்க ஒவ்வொரு காலிலும் ஓரடி உயரத்துக்கு வழுவழுப்பான தகடு சுற்றலாம். மதில், மரம், விறகுக் குவியல் எதையும் ஒட்டிக் கூண்டை வைத்தால் அந்த வேலை வீண்.

மண் தரையிலேயே கூண்டு இருக்கிறதா? வெளிப்பக்கம் சுற்றிலும் 2 அடி அகல மெஷ்ஷைப் படுக்கையாக, 3 அங்குல ஆழத்தில் புதைத்துச் சுவரின் அடியோடு இணையுங்கள். நாய் சுவரை ஒட்டித்தான் தோண்டும். கம்பியில் நகம் இடிக்கும்.

4. பகல் நேரம்

குஞ்சுகளை முதல் மூன்று, நான்கு வாரம் தாயோடு பஞ்சாரத்தில் (கவிழ்த்து மூடும் கூடை) அடையுங்கள். மேலே ஒரு செங்கல் வைக்காவிட்டால் நாய் புரட்டிவிடும். மேயும் இடத்துக்கு மேலே நைலான் வலையை விறைப்பாகக் கட்டினால் பருந்து இறங்காது. வலையின் நுனி தரையில் புரளக் கூடாது. சாரைப்பாம்பு சிக்கிக்கொள்ளும், எடுத்துவிடுவது பெரும்பாடு.

முட்டையைக் காலை பத்து மணிக்கும் மாலையிலும் எடுத்துவிடுங்கள். அடைக்கோழிக்கு 21 நாளும் கூண்டுக்குள்ளேயே இடம். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்; தீவனம் மூடி போட்ட டின்னில் இருக்கட்டும். நாப்தலின் உருண்டை, பூண்டுத் தண்ணீர் எல்லாம் மனத்திருப்திக்குத்தான்.

5. செய்யவே கூடாதவை

விஷம் வைக்காதீர்கள்; பக்கத்து வீட்டு நாய்தான் முதலில் தின்னும். வேலியில் வீட்டு மின்சாரம் பாய்ச்சுவது குற்றம், ஆளையே கொல்லும். கீரி, மரநாய், பாம்பு எல்லாமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கூண்டுக்குள் பாம்பு இருந்தால் கையை விடாமல் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

6. தினமும் அந்தியில்

ஒரு பிடி கம்பை உள்ளே தூவிக் கூப்பிடுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். இருட்டுவதற்குள் எண்ணிப் பார்த்து இரண்டு தாழையும் போடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் முருங்கை மரத்தைப் பாருங்கள், அங்கேதான் ஏறி அடைந்திருக்கும். கின்னிக்கோழி ஒரு ஜோடி வளர்த்தால் ஆபத்து நேரத்தில் கத்தி எழுப்பும், தடுக்காது.

ஒருமுறை ருசி கண்டது மறுபடியும் வரும். செத்த கோழியைச் சுண்ணாம்பு போட்டு 2 அடி ஆழத்தில் புதைத்துவிட்டு, அது நுழைந்த சந்தை அன்று சாயங்காலத்துக்குள் அடையுங்கள். சந்து கிடைக்கவில்லையென்றால், கூண்டைச் சுற்றிச் சலித்த மண்ணைத் தூவி வையுங்கள். மறுநாள் காலை கால்தடம் வழியைக் காட்டும். அதுவரை கோழிகளை வீட்டுத் தாழ்வாரத்தில் கூடை போட்டு மூடுங்கள்.