ஸ்மார்ட் மீட்டரைப் படிக்கக் கற்போம்: இரண்டு எண்களும் ஒரு கழித்தலும்

கோலாலம்பூரில் பல தரை வீடுகளின் வாசல் தூணிலும், அடுக்குமாடிகளின் மீட்டர் அறையிலும் இப்போது ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. வீடு வீடாக வந்து கணக்கெடுக்க வேண்டிய தேவையை அது குறைத்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாதக் கடைசியில் பில் வரும்வரை காத்திராமல், எந்தச் சாமான் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை அந்தப் பெட்டியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. அதற்குத் தேவையானவை ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பேனாவும், கொஞ்சம் பொறுமையும்தான்.

முதல் படி, திரையில் சரியான எண்ணைக் கண்டுபிடிப்பது. திரை சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்; தேதி, நேரம், வேறு சில அளவுகள் வந்துபோகும். கிலோவாட் மணியைக் குறிக்கும் சிறிய ஆங்கில எழுத்துகளோடு வரும் எண்தான் நமக்கு வேண்டியது. ஒரு கிலோவாட் மணியைத்தான் நாம் ஒரு யூனிட் என்கிறோம். கூரையில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு, வெளியே அனுப்பும் மின்சாரத்துக்குத் தனி எண் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திரையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீட்டரின் முத்திரையைத் தொடுவதோ மூடியைக் கழற்றுவதோ ஆபத்து மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும் ஆகும்.

இரண்டாவது படி, சிமிட்டும் சிறிய விளக்கைக் கவனிப்பது. எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 1000 என்றால், 3.6 விநாடிக்கு ஒருமுறை விளக்கு சிமிட்டும்போது வீடு அந்த நேரத்தில் ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று பொருள்.

செந்தூலில் இருக்கும் என் பெரியம்மா, பில் ஏறுவதற்குக் குளியலறை வாட்டர் ஹீட்டர்தான் காரணம் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் அவரை வாசலுக்கு அழைத்துச் சென்று விளக்கைக் காட்டினேன். ஹீட்டர் ஓடாதபோது, அது சிமிட்டுவதற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கா உள்ளே குளிக்கத் தொடங்கியதும் விநாடிக்கு ஒருமுறை என்று படபடக்கத் தொடங்கியது. "பாத்தியா தம்பி, நான் சொன்னேன்ல!" என்றார் பெரியம்மா. அந்தப் படபடப்பு உண்மைதான். அவர்கள் வீட்டு ஹீட்டர் 3.6 கிலோவாட். ஆனால் அக்கா ஐந்து நிமிடத்தில் குளித்து முடித்துவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு 300 சிமிட்டல், அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வேகமாக இழுப்பது வேறு, மொத்தமாகத் தின்பது வேறு. இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் மீட்டரைப் பற்றிய பாதிப் பாடம் முடிந்துவிடும் என்பது என் கருத்து.

மூன்றாவது படிதான் கழித்தல். இரவு பத்து மணிக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு மறுபடியும் குறியுங்கள். பெரியம்மா வீட்டில் ஏர்கோன் ஓடிய இரவில் 7421 இருந்தது, காலையில் 7428 ஆகியிருந்தது. மறுநாள் இரவு மின்விசிறியை மட்டும் போட்டுப் படுத்தார்கள். அன்று ஏறியது 2 யூனிட்தான். ஆக, அந்தப் பழைய ஏர்கோன் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 5 யூனிட் தின்கிறது. முப்பது இரவுக்கு 150 யூனிட். ஹீட்டர்மீது சுமத்திய பழி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைப் பெரியம்மா தாமே சொல்லிவிட்டார். ஏர்கோன் போடாத இரவில் ஏறும் அந்த 2 யூனிட்டையும் அலட்சியப்படுத்தாதீர்கள்; குளிர்சாதனப் பெட்டி, வைஃபை, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் சேர்ந்து வீடு தூங்கும்போதும் இழுத்துக்கொண்டிருப்பது அதில்தான் தெரியும்.

இதை ரிங்கிட்டாக மாற்றுவது எளிது. 2025 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்த கட்டண முறையில், மாதம் 1500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட் எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென், கூட்டினால் 44.43 சென். 150 யூனிட்டுக்கு 66 ரிங்கிட் 65 சென் வருகிறது. பயன்பாடு குறையக் குறையச் சிக்கனத் தள்ளுபடியின் விகிதமும் ஏறுவதால் (200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென், 1000-ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை) உண்மையில் மிச்சமாகும் தொகை, வீட்டின் மொத்தப் பயன்பாட்டைப் பொறுத்து, இதைவிடக் கூடவோ குறையவோ செய்யலாம். 600 யூனிட் என்ற கோட்டையும் நினைவில் வையுங்கள். அதற்குள் நின்றால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும், எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் சரிக்கட்டல் தொகையும் உங்களைத் தொடாது.

மின்சார நிறுவனமான தெனாகாவின் மைடிஎன்பி செயலியில் கணக்கு எண்ணைச் சேர்த்துவிட்டால், நாள்வாரிப் பயன்பாட்டைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். வசதிதான். ஆனால் இப்போது ஓடும் சாமானை இப்போதே அறிய, வாசலில் சிமிட்டும் விளக்குதான் வழி. மீட்டர் அறை பூட்டியிருக்கும் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், நிர்வாக அலுவலகத்தில் கேட்டு ஒரு முறையாவது திறந்து பார்த்துவிடுவது நல்லது.

கடைசிப் படி, நேரவாரிக் கட்டணம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்ப்பது. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் இதற்கு மாறலாம். வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணிவரை உச்ச நேரம், அப்போது 27.03 சென்னுக்குப் பதிலாக 28.52 சென். மற்ற நேரங்களிலும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் முழுதும் 24.43 சென். கணக்குப் போட்டால், உச்ச நேரப் பயன்பாடு மொத்தத்தில் ஏறக்குறைய 63 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு மாறுவது இலாபம். இரவு முழுதும் ஏர்கோன் ஓடும் வீட்டில் அப்படி இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஊகிக்க வேண்டாம்: ஒரு வாரம், திங்கள் முதல் வெள்ளிவரை பிற்பகல் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் எண்ணைக் குறித்து, அந்த ஐந்து வித்தியாசங்களைக் கூட்டி, வாரத்தின் மொத்த யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள், பிற்பகல் எண்ணைக் குறித்துவைக்க வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் சொல்லிவைக்கலாம். பெரியம்மாவின் நோட்டுப் புத்தகம் இப்போது மீட்டர் பெட்டிக்கு அருகில் ஓர் ஆணியில் தொங்குகிறது.