துருப் பரிசோதனையில் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

மும்பை செம்பூரில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். மழைக்காலம் தொடங்கினால் யாராவது ஒரு பிள்ளை ஐந்து கண்ணாடி டம்ளரும் ஐந்து ஆணியுமாக வந்து நிற்கும். குழாய்த் தண்ணீர், உப்புத் தண்ணீர், வினிகர், கோலா, தேங்காய் எண்ணெய். எதில் ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும்? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அதனாலேயே தப்பான விடையோடு அவர்கள் பள்ளிக்குப் போவதைப் பார்க்க மனம் வருவதில்லை.

முதலில் ஆணியைக் கவனியுங்கள். ஹார்டுவேர் கடையில் பளபளவென்று கிடைக்கும் ஆணிகளில் பல துத்தநாகம் பூசியவை. உப்புத் தண்ணீரில் போட்டால் வெள்ளைப் பொடிதான் படியும். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றிவிடும். பூச்சில்லாத இரும்பாணி என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் எண்ணெய்ப் பசை இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே டம்ளரில் போட வேண்டும்.

எல்லோரும் ஏமாறுவது வினிகர் டம்ளரில்தான். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் ஆணி கருத்திருக்கும், செந்துரு அவ்வளவாகத் தெரியாது. ‘வினிகரில் துருப்பிடிக்கவில்லை’ என்று பிள்ளை நோட்டில் எழுதிவிடும். அங்கே இரும்பே கரைந்துகொண்டிருக்கிறது! ஆணியில் ஒட்டியிருக்கும் சின்னக் குமிழ்கள் ஹைட்ரஜன். அசிட்டிக் அமிலத்தோடு சேர்ந்த இரும்பு, அசிட்டேட்டாகத் திரவத்துக்குள் போய்விட்டது. துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. அமிலத்தில் அது படிந்து நிற்காது. அந்த ஆணியைக் கழுவாமல் வெளியே எடுத்து வையுங்கள், சற்று நேரத்தில் ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கும். துருவேறிய கத்தியை வினிகரில் ஊறவைப்பவர்களுக்கும் இதே கதைதான். எடுத்தவுடன் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவாவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். கோலாவில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலமும் இரும்பை அரிக்கும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். முன்பே எடை போட்டு வைத்து, கடைசியில் துருவைச் சுரண்டித் துடைத்து மறுபடி எடை போடுங்கள். நகை எடை பார்க்கும் சிறிய டிஜிட்டல் தராசு போதும்.

உப்பு கூடக் கூடத் துரு கூடும் என்று கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். கடல்நீரில் இருப்பதுபோல் லிட்டருக்கு 35 கிராம் அளவில்தான் துரு வேகமாக ஏறும். அதற்கு மேல் போனால் வேகம் குறையும், ஏனென்றால் செறிந்த உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். துருவுக்கு வேண்டியது ஆக்சிஜனும் நீரும். உப்பு அதற்கான மின்னோட்டத்தைச் சுலபமாக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் வேண்டும் என்று மேலே எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, உள்ளே கரைந்த காற்றை வெளியேற்றிய பிறகு எண்ணெய் மூடி போடுங்கள்.

இந்த ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒப்பிடுவதற்காக ஒரு ஜூலையில் நான் அலமாரியில் வைத்த ‘உலர்ந்த’ ஆணியும் துருப்பிடித்துவிட்டது. கடற்காற்றும் மழையீரமும் இருக்கும் வீட்டில் வெறுங்காற்று உலர்ந்த காற்றாகாது. இறுக மூடிய பாட்டிலில் கால்சியம் குளோரைடோ சிலிகா ஜெல்லோ போட்டுக் கூடவே ஆணியை வையுங்கள்.

ஆறாவது டம்ளரில் ப்ளீச் ஊற்றலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் செய்யலாம். ஆனால் முடிந்ததும் வினிகரோடு சேர்த்து மட்டும் கொட்டிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். எவர்சில்வர் சிங்கில் ப்ளீச்சைத் தேங்கவும் விடக்கூடாது. எவர்சில்வரைக் காக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தை அதிலிருக்கும் குளோரைடு ஊசிக்குத்துப் போலத் துளைக்கும். நிறையத் தண்ணீர் விட்டு அப்போதே அலசிவிடுங்கள்.