முதல் பாதியில் நடுங்க வைத்து இரண்டாம் பாதியில் கைவிடும் பேய்ப்படங்கள்: திரைக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்தின் முதல் இருபது நிமிடங்களைப் பார்த்தவர்கள் அவற்றை எளிதில் மறப்பதில்லை. ஒரு மருத்துவரின் வீடு, இரவு நேரம், மாடியில் அவருடைய இரண்டு குழந்தைகள் உறங்குகிறார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த இளம்பெண் கீழே தனியாக இருக்கிறாள். தொலைபேசி ஒலிக்கிறது. குழந்தைகளைப் போய்ப் பார்த்தாயா என்று ஓர் ஆண்குரல் கேட்கிறது. மீண்டும் ஒலிக்கிறது, மீண்டும் அதே கேள்வி. அவள் கதவுகளைப் பூட்டிவிட்டுக் காவல்துறையின் உதவியை நாடுகிறாள். அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்த காவலர்கள் அவளிடம் சொல்லும் செய்தி ஒற்றை வரிதான்: அது அந்த வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது.

இதன் பிறகு படம் ஏழாண்டுகளைத் தாண்டிச் சென்று, மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிய கொலையாளியை முன்னாள் காவல் அதிகாரி ஒருவர் நகரத்தின் தெருக்களில் தேடி அலையும் கதையாக மாறிவிடுகிறது. அந்தப் பகுதியிலும் நல்ல நடிப்பு இருக்கிறது, ஆனால் பயம் இல்லை. இயக்குநர் பிரெட் வால்டன் முதலில் இதை ஒரு குறும்படமாகவே எடுத்திருந்தார் என்பதை அறிந்தால் காரணம் விளங்கும். குறும்படத்துக்குள் தொடங்கி முடிந்துவிட்ட ஓர் அச்சத்தை முழுநீளப் படமாக்க வேண்டி வந்தபோது, மீதி நேரத்தை நிரப்புவதற்கு வேறொரு கதை தேவைப்பட்டிருக்கிறது.

தொடக்கம் நன்றாக அமைந்து பின்னர் சரிந்துபோகும் பேய்ப்படங்களைப் பற்றிப் பேசும்போது பணம் போதவில்லை, கிராபிக்ஸ் சரியில்லை, கதாநாயகி பொருத்தமில்லை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இவை துணைக் காரணங்களே என்று நான் நினைக்கிறேன். முதல் பாதி எழுப்பிய கேள்வி ஒன்றாகவும், இரண்டாம் பாதி விடை சொல்லும் கேள்வி வேறொன்றாகவும் இருப்பதே தலையாய தவறு. பார்வையாளர் இதைச் சொற்களால் விளக்காமல் இருக்கலாம். ஆனால் தாம் பயந்துகொண்டிருந்த விஷயத்தைப் படமே மறந்துவிட்டது என்பதை உடனே உணர்ந்துவிடுவார்.

தமிழில் இந்தத் தவறு பெரும்பாலும் இடைவேளைக்குப் பின் வரும் பிளாஷ்பேக்கின் வடிவில் நேர்கிறது. திருநெல்வேலியில் ஒரு பேய்ப்படத்தின் இரவுக் காட்சியில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். முதல் பாதியில் சமையலறைக் குழாயிலிருந்து நீர் சொட்டும் ஒரு காட்சி வந்தது. குழாயைத் திருகி மூடிவிட்டுத் திரும்பும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் அந்தச் சொட்டும் ஓசை மறுபடியும் தொடங்கியபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு தாய் தன் மகனின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அரங்கில் முறுக்கு கடிக்கும் ஒலிகூடக் கேட்கவில்லை. இடைவேளை முடிந்தது. அந்த வீட்டில் முன்பு வாழ்ந்த பெண் யார், அவளுடைய நிலத்தை யார் பறித்தார்கள், அவளை எப்படிக் கொன்றார்கள் என்ற கதை ஒரு பாடலுடன் அரை மணி நேரம் நீண்டது. அந்தத் தாய் இப்போது மகனை அவனுடைய இருக்கையில் நேராக உட்காரச் சொல்லிவிட்டுக் கைப்பேசியில் மணி பார்த்தார். அரங்கின் நடுவிலேயே பத்துப் பதினைந்து கைப்பேசித் திரைகள் ஒளிர்ந்தன. படத்தின் அச்சம் எந்த நிமிடத்தில் போயிற்று என்பதை அந்த வெளிச்சமே காட்டிவிட்டது.

நடந்தது என்னவென்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதல் பாதி ‘இந்த வீட்டில் இருப்பது எது, அது இந்தக் குடும்பத்தை என்ன செய்யும்’ என்று கேட்டது. பிளாஷ்பேக் ‘இந்தப் பெண்ணுக்கு அநீதி இழைத்தவர்கள் யார்’ என்ற கேள்விக்கு விடை சொன்னது. இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் உள்ளே நிகழ்ந்தது. பேய்க்கு நியாயமான காரணம் கிடைத்த நொடியிலேயே நாம் பேயின் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். அது இனிமேல் கொல்லப்போவது கொலைகாரர்களையும் நில அபகரிப்பாளர்களையும்தான். அவர்கள் சாக வேண்டும் என்று நாமே விரும்புகிறோம். குழாயடியில் நின்ற பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் எந்த ஆபத்தும் இல்லை என்பது உறுதியாகிவிடுகிறது. அச்சத்தின் இடத்தை இரக்கமும் பழிவாங்கும் நிறைவும் பிடித்துக்கொள்கின்றன. இவை மட்டமான உணர்வுகள் அல்ல. அநீதிக்குள்ளான பெண் தெய்வமாகித் திரும்பி வரும் கதைகள் நம் ஊர்க் கோயில்களில் பல உண்டு, அவற்றுக்குரிய ஆழமும் உண்டு. ஆனால் அவை முதல் பாதி வாக்களித்த உணர்வுகள் அல்ல.

அப்படியானால் பிளாஷ்பேக்கே கூடாதா என்று கேட்டால், கூடும் என்பதற்குத் தமிழிலேயே நல்ல சான்று இருக்கிறது. விக்ரம் கே. குமார் இயக்கி 2009இல் வெளிவந்த ‘யாவரும் நலம்’ படத்திலும் பழைய கொலை ஒன்று உண்டு. அநியாயமாக இறந்த குடும்பமும் உண்டு. ஆனால் அந்தப் பழைய கதை வரும் வழியைக் கவனிக்க வேண்டும். புதிய அடுக்ககத்துக்குக் குடிவரும் குடும்பத்துப் பெண்கள் பிற்பகலில் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில், அவர்கள் வீட்டில் நடப்பவையே காட்சிகளாக வருகின்றன. முதல் பாதியில் நம்மை நடுங்க வைப்பதும் அந்தத் தொடர்தான், பிற்பகுதியில் பழைய கொலையை நோக்கி நாயகனைக் கொண்டுசெல்வதும் அதே தொடர்தான். உண்மையை நெருங்க நெருங்க, தொடரில் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது தன் குடும்பத்துக்கும் நேர்ந்துவிடும் என்ற பதைப்பு அவனுக்குக் கூடுகிறது. பழங்கதை தெரியவரும்போது நிகழ்கால ஆபத்து குறையாமல் வளர்கிறது. பிளாஷ்பேக் எழுதும் எவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: இதைத் தெரிந்துகொண்ட பிறகு பார்வையாளரின் பயம் ஒரு படி ஏறுமா, ஒரு படி இறங்குமா? இறங்குமென்றால், அந்தப் பிளாஷ்பேக் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதைச் சுருக்கவோ பிரித்துப் போடவோ வேண்டும்.

விளக்கத்தை எந்த இடத்தில் வைப்பது என்பது இதனோடு ஒட்டிய சிக்கல். 1960இல் வந்த ‘சைக்கோ’ படத்தின் முடிவில், எல்லாம் நடந்து முடிந்த பிறகு ஒரு மனநல மருத்துவர் நின்றுகொண்டு கொலைகாரனின் மனநிலையை நீளமாக விவரிக்கிறார். அவ்வளவு பெரிய படத்திலும் அந்த இடம் தொய்வாக இருப்பதாக இன்றுவரை பலரும் குறைப்படுகிறார்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு. பாசிலின் ‘மணிச்சித்ரதாழு’ (1993) படத்திலும், அதன் வழிவந்த ‘சந்திரமுகி’ (2005) படத்திலும் மனநல மருத்துவரின் விளக்கம் ஏறக்குறைய அதே அளவுக்கு விரிவானதுதான். ஆனால் அது முடிவுக்கு முன்பே வந்துவிடுகிறது, கேட்பவன் நம்ப மறுக்கும் கணவனாக இருக்கிறான், சொன்னது மெய்யா என்று சோதிக்கும் காட்சி உடனே பின்தொடர்கிறது. வெளியே போக வேண்டாம் என்று கணவன் தடுக்கிறான். மனைவியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறொருத்தியின் முகமாகிறது. அவளுடைய கை கட்டிலைத் தூக்குகிறது. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தும் நாம் நடுங்குகிறோம். விளக்கம் அங்கே பயத்தைத் தீர்த்துவைக்கவில்லை, ஏற்றி வைத்திருக்கிறது.

அடுத்த தவறு, படம் தானே வகுத்த விதியைத் தானே மீறுவது. பேய்க்கு எல்லாம் முடியும் என்றால் கதாபாத்திரங்கள் என்ன செய்தாலும் ஒன்றுதான். நாமும் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. முதல் பாதியில் கண்ணாடி வழியாக மட்டுமே வரும் பேய், கிளைமாக்ஸில் மின்விசிறியை உடைத்துக்கொண்டு வருகிறது; நள்ளிரவில் மட்டுமே நடமாடியது, நேரம் போதவில்லை என்பதற்காகப் பகலில் வருகிறது. விதியைக் காப்பாற்றுவதால் கிடைக்கும் பலனுக்கு ‘லைட்ஸ் அவுட்’ நல்ல எடுத்துக்காட்டு. டேவிட் எஃப். சாண்ட்பெர்க் 2013இல் எடுத்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான குறும்படமே 2016இல் முழுநீளப் படமாயிற்று. விளக்கை அணைத்தால் உருவம் நிற்கும், போட்டால் மறையும், இவ்வளவுதான் விதி. முழுநீளப் படத்தில் அந்த உருவத்துக்குச் சேர்த்த முன்கதை என்னைப் பெரிதாக ஈர்க்கவில்லை. ஆனால் விதியைப் படம் கைவிடாததால், கைப்பேசியின் திரை வெளிச்சமும் காரின் முன்விளக்கும் உயிர்காக்கும் ஆயுதங்களாகின்றன. துப்பாக்கியால் சுடும்போதோ, குண்டின் தீப்பொறி மின்னும் கணமெல்லாம் உருவம் மறைந்து மறைந்து நெருங்கி வருகிறது. ஒரே விதியை இறுகப் பிடித்துக்கொண்டதால் கிடைத்த காட்சிகள் இவை.

முதல் பாதியில் விதைத்த குறிப்புகளை அறுவடை செய்யாமல் விடுவதும் இதே வகைதான். 2007இல் வந்த ‘ஐ ஆம் லெஜண்ட்’ படத்தில், கொள்ளைநோயால் வெறிபிடித்த உயிர்களாக மாறிவிட்ட மனிதக் கூட்டத்திலிருந்து பெண் ஒருத்தியை நாயகன் ஆய்வுக்காகப் பிடித்துவருகிறான். வெயில் பட்டால் உடல் வெந்துபோகும் அந்தக் கூட்டத்தின் தலைவன், அப்போது வெயிலுக்குள் தலைநீட்டிச் சீறுகிறான். அவர்களிடம் மனித இயல்பு அற்றுப்போனதற்கான அடையாளமாக நாயகன் அதைப் பதிவு செய்துகொள்கிறான். முதலில் எடுக்கப்பட்ட முடிவில், அந்தத் தலைவன் தன் துணையை மீட்கவே வந்தான் என்பது நாயகனுக்குப் புரிகிறது. முன்பு கண்ட சீற்றத்துக்கும் அங்கே பொருள் கிடைக்கிறது. முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு பிடிக்காததால், கையெறி குண்டோடு நாயகன் மடியும் வேறொரு முடிவு திரையரங்குகளுக்குச் சென்றது. அதில் அந்த வெயில் காட்சி எதற்காக இருந்தது என்பதற்கு விடையே இல்லை. முடிவை மாற்ற வேண்டியிருந்தால், அந்த முடிவை நோக்கி வைத்த குறிப்புகளையும் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சக் கூடாது.

எவ்வளவு காட்டுவது என்ற கேள்வியில் ஜாக் டூர்னர் என்ற இயக்குநரின் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். 1942இல் அவர் எடுத்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் பூங்காவின் சுவரையொட்டித் தனியே நடந்து போகிறாள். பின்னணி இசை இல்லை. அவளுடைய காலணி ஓசையும், பின்தொடரும் இன்னொருத்தியின் காலணி ஓசையும் மட்டுமே கேட்கின்றன. ஒரு கட்டத்தில் பின்னால் வந்த ஓசை நின்றுவிடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. விரைந்து நடக்கிறாள், ஓடுகிறாள், ஒரு விலங்கின் சீறல் போன்ற ஒலியோடு திரைக்குள் பாய்ந்து வருவது ஒரு பேருந்து. எதையும் காட்டாமல் கிடைத்த அதிர்ச்சி அது. அதே இயக்குநர் 1957இல் எடுத்த ‘நைட் ஆஃப் தி டீமன்’ படத்தின் தொடக்கத்திலேயே பெரிய உருவமுள்ள பூதம் முழுமையாகக் காட்டப்படுகிறது. தயாரிப்பாளர் அதைச் சேர்த்தார், இயக்குநர் அதை விரும்பவில்லை. நாயகனோ மந்திரத்தை நம்பாத அறிவியலாளன். அவன் ஐயப்படும்போது நாமும் சேர்ந்து ஐயப்பட வேண்டிய கதை அது. ஆனால் நாம் பூதத்தை முன்பே பார்த்துவிட்டதால், அவனுக்குப் புரியும்வரை காத்திருப்பவர்களாகிவிடுகிறோம்.

நம் படங்களில் இதே தவறு பெரும்பாலும் கிளைமாக்ஸில் நேர்கிறது. முன்பு கதவிடுக்கில் நான்கு விரல்களாக மட்டும் தெரிந்தது, கடைசியில் வானளாவிய கிராபிக்ஸ் உருவமாக நிற்கிறது. அந்த நான்கு விரல்களுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று ஒவ்வொருவரும் தமக்குள் வரைந்து வைத்திருந்த உருவத்தோடு எந்தக் கிராபிக்ஸும் போட்டியிட முடியாது. ஒலியிலும் இந்தச் சிக்கனம் வேண்டும். பூனை குதித்தாலும், நண்பன் தோளைத் தொட்டாலும் ரீ-ரெக்கார்டிங்கில் இடியோசை வைத்தால், முக்கியமான இடம் வரும்போது காது பழகிப்போயிருக்கும்.

நகைச்சுவையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2011இல் ‘காஞ்சனா’ பெற்ற வெற்றிக்குப் பிறகு, பேய்ப்படம் என்றால் நகைச்சுவைக் கூட்டமும் உடன் வர வேண்டும் என்பது வணிக வழக்கமாயிற்று. சிரிக்கவும் வைக்கும் படம் என்று முதல் காட்சியிலேயே அறிவித்துவிட்டு அப்படியே நடத்தினால் தவறில்லை. இறுக்கமாகத் தொடங்கிய படத்தில், இடைவேளைக்குப் பின் பேயைக் கண்டு ஒருவர் வேட்டி அவிழ ஓடும் காட்சி வந்தால், அதன் பிறகு அந்தப் பேயை யாராலும் பயத்தோடு பார்க்க முடியாது.

கடைசி ஷாட்டிலும் கவனம் வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பொம்மையின் கண் திறப்பது அடுத்த பாகத்துக்கான விளம்பரமாகவே இன்று படுகிறது. மாறாக ‘பீட்சா’ (2012) படத்தைப் பாருங்கள்: பேய் இருக்கிறது என்று அதுவரை நம்ப வைத்த கதை முழுவதும் நாயகன் புனைந்த பொய் என்று தெரிந்த பிறகே, உண்மையான பேயிடம் அவன் சிக்கிக்கொள்கிறான். பேய் உண்டா இல்லையா என்பதே முதலிலிருந்து அந்தப் படம் கேட்ட கேள்வி. கடைசிக் காட்சியும் அதைத்தான் கேட்கிறது.

தொடக்கத்தில் சொன்ன அமெரிக்கப் படத்துக்கும் இப்படியொரு மீட்சி உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் தெருக்களில் அலைந்த பிறகு, அந்தப் பழைய பெண்ணிடமே படம் திரும்பி வருகிறது. இப்போது அவளுக்குத் திருமணமாகி இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். கணவனுடன் உணவகத்தில் இரவு உணவு அருந்திக்கொண்டிருக்கிறாள். வீட்டில் குழந்தைகளை வேறொரு பெண் பார்த்துக்கொள்கிறாள். உணவகப் பணியாளர் வந்து அவளுக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருப்பதாகச் சொல்கிறார். அவள் எழுந்து போய் அதைக் காதில் வைக்கிறாள். குழந்தைகளைப் போய்ப் பார்த்தாயா என்று அதே குரல் கேட்கிறது.