பதிவு இருந்தும் புத்தகம் அகப்படவில்லை: நூற்பட்டியல் விவரங்களை மீளப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் பற்றிச் செயற்திட்டம் எழுத வந்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, திருகோணமலையில் நாங்கள் நடத்தும் சிறிய வாசிகசாலையின் கணினியில் 'கன்னியா' என்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. 'வெந்நீரூற்று' என்று தட்டினாள். அதற்கும் பதில் இல்லை. அவள் போன பிறகு இறாக்கையைப் பார்த்தேன். அவளுக்கு வேண்டிய நூல் மூன்றாம் தட்டில் இருந்தது. பட்டியலிலும் இருந்தது. ஆனால் அது வெளிநாட்டு நூலகம் ஒன்றிலிருந்து நாங்கள் அப்படியே இறக்கிய பதிவு. தலைப்பு முழுவதும் ஆங்கில எழுத்தில் கிடந்தது. பிள்ளை வெறுங்கையோடு திரும்பியது இன்னும் உறுத்துகிறது.

ஒருவர் செய்த நூல் விவரப் பதிவை இன்னொருவர் எடுத்தாள்வது நல்ல வழக்கம். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ரம், நூல் விவரங்களைக் கணினி வாசிக்கும்படி பதியும் மார்க் வடிவத்தை உருவாக்கியதன் பெரும்பயன் அதுதான். இன்று கோஹா போன்ற இலவச நூலக மென்பொருளில் ஒரு பதிவைச் சில நொடிகளில் இறக்கிவிடலாம். ஆனால் அந்தப் பதிவு வேறோர் ஊர் வாசகருக்காக எழுதப்பட்டது. அதை மறந்து மொத்தமாக ஏற்றுவதே முதல் தவறு.

மார்க் பதிவில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட ஓர் இடம் உண்டு, அதைப் புலம் என்பார்கள். தலைப்பு 245ஆம் புலத்தில் வரும். மூல எழுத்து வடிவத்துக்கு 880 என்று தனிப் புலம் உண்டு. பழைய பதிவுகள் பலவற்றில் அது வெறுமையாக இருக்கும். புத்தகத்தைக் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி தமிழில் தட்டச்சு செய்யுங்கள். ஆங்கில எழுத்து வடிவத்தை அழிக்க வேண்டாம். வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதைக்கொண்டே தேடுவார்கள். மொழிக் குறியீடு தமிழ் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது தவறினால், 'தமிழ் நூல்கள் மட்டும்' என்று வடிகட்டும்போது நூல் காணாமல் போகும்.

எழுத்துரு விடயத்தில் நாங்கள் பட்ட பாடு பெரிது. எங்கள் பழைய பட்டியல் பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோம். முடியவில்லை. 'கோணேசர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஏகாரக் குறியும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு அப்படியல்ல. 'ஸ்ரீ'க்கும் இதே கதைதான். போதாததற்குக் காலுக்குப் பதிலாக 'ர' விழுந்து 'கேரணேசர்' ஆன பதிவுகளும் எங்களிடம் இருந்தன. ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அதைக் கணினியே செய்யும். 'ர' பிழையை மட்டும் மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் ஊருக்குப் பெயர்கள் பல. திருகோணமலை, திருக்கோணமலை, கோணமலை, பேச்சில் திருமலை. சம்பந்தர் தேவாரத்தில் கோணமாமலை. இவற்றை ஒரே எழுத்துக்கூட்டலுக்கு 'திருத்த' நூல் தலைப்புகளில் கைவைப்பது பெருந்தவறு. தலைப்பு நூலில் உள்ளபடியே இருக்கட்டும். இடப்பெயருக்கு ஓர் ஆதாரப் பதிவு உருவாக்கி, மற்ற வடிவங்களை அதில் இணைத்துவிட்டால் எதைத் தட்டினாலும் ஓரிடத்துக்கு வரலாம். 1972க்கு முந்திய ஆங்கில நூல்களில் நாட்டின் பெயர் சிலோன் என்றே இருப்பதால், இலங்கைக்கான ஆதாரப் பதிவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆள்பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். திருகோணமலை தந்த தமிழறிஞர்கள் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் உடன்பிறந்தவர்கள். அவர்களின் முதலெழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றது தந்தையையும் குறிக்கின்றன. இறக்கிய பதிவில் 'பிள்ளை' குடும்பப் பெயராகப் பிரிக்கப்பட்டு முன்னே வந்தால், இருவரும் 'பிள்ளை, தி. த.' என்று ஒரே ஆளாகிவிடக்கூடும். தமிழ்ப் பெயரை உடைக்காமல் முழுமையாகப் பதியுங்கள்.

நூலுக்கு வழங்கப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை மட்டும் வைத்து இரட்டைப் பதிவுகளை இணைக்கவும் கூடாது. அது சர்வதேச நியமமானது 1970இல்தான். அதற்கு முந்திய நூல்களில் அந்த எண் இராது. எங்கள் இறாக்கையில் உள்ள கும்பாபிஷேக மலர்களிலும் நினைவு மலர்களிலும் அது இல்லை. ஊர் வரலாறு அதிகம் கிடப்பது அவற்றில்தான். தலைப்பு ஒத்திருப்பதைப் பார்த்து, வெவ்வேறு ஆண்டுகளில் வந்த ஒரே கோயிலின் இரண்டு மலர்களை மென்பொருள் ஒன்றாக்கிவிடும். ஆண்டையும் பக்க எண்ணிக்கையையும் ஒப்பிட்ட பின்பே இணையுங்கள். அந்த மலர் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இருந்தால், 856ஆம் புலத்தில் இணைப்பைக் கொடுத்துவிடுங்கள். தூரத்தில் இருப்பவரும் படிக்கலாம்.

பதிவுகளை வெளியே பகிரும்போது குறிப்புப் புலங்களை ஒருமுறை வாசியுங்கள். நன்கொடையாளரின் தொலைபேசி எண் அங்கே ஒளிந்திருக்கக்கூடும்.

உள்ளூர்க் குறிப்புகளை இழப்பதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. வந்து சேரும் நூல்களைக் குறிக்கும் எங்கள் பழைய சேர்வுப் பதிவேட்டில் இன்ன நூல் இன்ன வீட்டிலிருந்து வந்தது, முதல் பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்து உண்டு என்றெல்லாம் ஒருவர் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அவற்றைக் கணினியில் ஏற்றியும் இருந்தோம். பிறகு 'முழுமையான' பதிவு கிடைத்ததென்று பழையதன் மேல் புதியதை எழுதினோம், குறிப்புகள் அழிந்தன. எந்தப் புலத்தைத் தொடக் கூடாது என்று கோஹாவில் முன்கூட்டியே விதி அமைக்கலாம். நூல் யாரிடம் இருந்தது என்று சொல்லும் 561, உள்ளூர்க் குறிப்புக்கான 590 இரண்டையும் அதில் சேருங்கள். நாங்கள் அந்தக் கையெழுத்துப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, வரி வரியாக மறுபடியும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.